பிஜி: மண், மக்கள், ஆட்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஜி என்று தமிழில் தேடினால் தேனிலவுக்குப் போகும் கடற்கரைப் படங்கள் ஒருபுறம் வரும். பாரதி பாடிய கரும்புத் தோட்டக் கண்ணீர் மறுபுறம் வரும். இரண்டுக்கும் நடுவே தேர்தலும் வரியும் ரக்பி வெறியும் குத்தகைத் தகராறும் உள்ள ஒரு நாடு இருக்கிறது. அதைப் பற்றிப் பலரும் கேட்கிற கேள்விகள் இவை. எந்த முனையில் பிடித்து இழுத்தாலும் பேச்சு கடைசியில் நிலத்தில் வந்துதான் நிற்கும்.

பிஜி எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

தென் பசிபிக்கில், நியூசிலாந்துக்கு வடக்கே. ஏறத்தாழ 330 தீவுகள். அவற்றில் ஆள் குடியிருப்பவை 110 அளவில்தான். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினாலும் நிலப்பரப்பு சுமார் 18,300 சதுர கிலோமீட்டர், கேரளத்தில் பாதிகூட வராது. வித்தி லெவு, வனுவா லெவு இரண்டும் பெரிய தீவுகள். தலைநகர் சுவா, வித்தி லெவுவின் மழை கொட்டும் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. வெயில் காயும் மேற்குக் கரைக்குத்தான் கரும்பும் விமான நிலையமும் சுற்றுலா விடுதிகளும் போயின.

கடிகாரம் இந்தியாவைவிட ஆறரை மணி நேரம் முந்தி ஓடும். 180 பாகை தீர்க்கரேகை தவெயுனி என்ற தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சர்வதேசத் தேதிக் கோட்டை அங்கே வளைத்துவிட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் அந்தத் தீவில் தெருவுக்கு இந்தப் பக்கம் ஞாயிறு, அந்தப் பக்கம் திங்கள்.

வரைபடத்தில் ‘நாடி’ என்று ஓர் ஊர் இருக்கிறதே, ஊரார் ஏன் அதை ‘நாந்தி’ என்கிறார்கள்?

எழுத்தைச் சொல்லிக்கொடுத்த மிஷனரிகளைக் கேட்க வேண்டும். 1830-களில் பிஜி மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்தபோது, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று முடிவு செய்தார்கள். அதனால் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தைக் கண்டால் வாயில் ‘ந்த’ வரும். ‘பி’யைக் கண்டால் ‘ம்ப’. ‘க்யூ’வைக் கண்டால் ‘ங்க’. ‘சி’யைக் கண்டால் பல்லிடுக்கு ‘த’. ஆங்கிலேயர்களுக்கு இது தலைவலி. நமக்கோ மெல்லினமும் வல்லினமும் கைகோத்து வருவது பிறந்ததிலிருந்து பழக்கம். நாந்தி, லம்பாசா, ரம்புக்கா என்று தமிழில் எழுதிவிட்டால் அப்படியே வாசித்துவிடலாம்.

யாரெல்லாம் வாழ்கிறார்கள்?

2017 கணக்கெடுப்பின்படி 8,84,887 பேர். அதற்கு முந்தைய 2007 கணக்கில் பூர்வகுடிகள் 57 விழுக்காடு, இந்திய வம்சாவளியினர் 37 விழுக்காட்டுக்குச் சற்று மேல். எஞ்சியவர்கள் வடக்கே தனித்து நிற்கும் ரொத்துமா தீவினர், ஐரோப்பியர், சீனர், மற்றத் தீவினர். ரம்பி தீவில் பனாபா மக்கள் இருக்கிறார்கள். தங்கள் சொந்தத் தீவைப் பிரிட்டிஷார் பாஸ்பேட்டுக்காகச் சுரண்டி எடுத்தபின், 1945-இல் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள்.

பூர்வகுடிகள் தங்களை ‘இதவுக்கெய்’ என்கிறார்கள். ‘தவுக்கெய்’ என்றால் உடையவர், உரியவர். பேரிலேயே பட்டா இருக்கிறது.

இந்தியர்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

ஒரு நோயிலிருந்து தொடங்க வேண்டிய கதை. 1874 அக்டோபர் 10 அன்று தாக்கொம்பாவ் முதலான தலைவர்கள் தீவுகளைப் பிரிட்டிஷ் முடியிடம் ஒப்படைத்தார்கள். அதன்பின் சிட்னிக்கு விருந்தாளியாகப் போன தாக்கொம்பாவும் அவருடைய மகன்களும் தட்டம்மையோடு திரும்பினார்கள். அம்மை கண்டிராத தீவு. 1875-இல் சுமார் 40,000 பேர் மாண்டார்கள். நாலில் ஒருவருக்குக் குறையாத சாவு.

அந்தச் சாவு ஓய்ந்த வீட்டுக்கு வந்த ஆளுநர் ஆர்தர் கார்டன், பூர்வகுடிகளைத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது, அவர்கள் நிலத்தை விற்கவும் கூடாது என்று முடிவு செய்தார். கரும்புக்கு ஆள் எங்கே? ஏற்கெனவே மொரீஷியஸிலும் டிரினிடாடிலும் ஆளுநராக இருந்தவர், வழி தெரிந்தவர். 1879 மே 14 அன்று ‘லியோனிடாஸ்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொகுதியைக் கொண்டுவந்து சேர்த்தது. 1916 வரை 60,000-க்கும் அதிகமானோர் வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். ‘அக்ரிமென்ட்’ என்ற சொல் வாய்களில் தேய்ந்து ‘கிர்மிட்’ ஆனது. வந்தவர்கள் கிர்மிட்டியர் ஆனார்கள். 1903 முதல் மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. மொத்தத்தில் நாலில் ஒருவர் தெற்கத்தியர். தமிழர், தெலுங்கர், மலையாளி என்ற வேறுபாடெல்லாம் இல்லை. எல்லாருக்கும் ‘மதராசி’ என்று ஒரே பெயர்.

1920 ஜனவரி 1 அன்று மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. பெரும்பாலானோர் திரும்பவில்லை. குத்தகைக்கு நிலம் பிடித்துக் கரும்பு போட்டார்கள். ‘குத்தகைக்கு’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள்.

நிலம் யாருக்குச் சொந்தம்?

ஏறத்தாழ 90 விழுக்காடு இதவுக்கெய் மக்களுக்கு. தனி ஆளுக்கு அன்று, ‘மத்தங்காலி’ எனப்படும் குலக் கிளைக்கு. அதை விற்க முடியாது. அடமானம் வைக்க முடியாது. குத்தகைக்கு மட்டுமே விடலாம். வாங்கி விற்கக்கூடிய தனியார் பட்டா நிலம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1940-இல் லாலா சுகுணா என்ற பெருந்தலைவரின் முயற்சியால் ஒரு நில வாரியம் அமைந்தது. குலங்களின் சார்பில் குத்தகை எழுதுவதும் பணம் வசூலித்துப் பங்கிடுவதும் அதன் வேலை. வாரியம் தன் பங்கைக் கழித்து, தலைவர்கள் தங்கள் பங்கை எடுத்து, மிச்சம் சாதாரணக் குலத்தாருக்குப் போனது. 2006-இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி பைனிமராமாவின் காலத்தில்தான் இந்தப் பங்கு எல்லாருக்கும் சமமானது.

‘வனுவா’ என்ற சொல்லுக்கு அகராதியில் நிலம் என்று பொருள். பேச்சில் அது நிலத்தையும் அதில் வாழும் சனத்தையும் அவர்கள் வழக்கத்தையும் சேர்த்தே குறிக்கும். நாம் ‘எங்கள் மண்’ என்று சொல்லும்போது வெறும் களிமண்ணையா சொல்கிறோம்? அப்படி.

1976 சட்டம் விவசாயக் குத்தகைக்கு 30 ஆண்டு உறுதி தந்தது. அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்த குத்தகைகள் 1997-இலிருந்து ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. பாட்டன் காடு திருத்தி, அப்பன் வீடு கட்டி, பேரன் கரும்பு வெட்டிய நிலம் ஒரு தேதியில் கைமாறியது. கூரைத் தகடு, சன்னல் சட்டம் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போன குடும்பங்கள் பல. அதே நேரம் நிலத்துக்காரர் பக்கம் நின்று பாருங்கள்: முப்பது வருடம் சொற்பக் குத்தகைப் பணம், அதிலும் பங்கு போக மிச்சம், கண்ணெதிரே வேறொருவர் அறுவடை. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்பதால்தான் இந்த வழக்கு ஒரு நூற்றாண்டாகத் தீரவில்லை. வில்லனைத் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பார்: ஒரு சாராரை நிலத்தோடு கட்டிப்போட்டு, மறு சாராரை நிலமில்லாமல் உழ வைத்துவிட்டு, சர்க்கரையை ஏற்றிக்கொண்டு போன காலனி ஆட்சி.

இப்போது ஆட்சி முறை எப்படி?

குடியரசு. 2013 அரசியலமைப்புச் சட்டப்படி ஒரே அவை, 55 உறுப்பினர்கள், நான்காண்டுக் காலம். பிரதமரிடம்தான் அதிகாரம்; குடியரசுத் தலைவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். குடிமக்கள் எல்லாரும் ‘பிஜியர்’ என்று எழுதியதும் இந்தச் சட்டம்தான். அதற்குமுன் அந்தப் பெயர் பூர்வகுடிகளுக்கு மட்டுமே இருந்தது.

வாக்குச்சீட்டைப் பார்த்தால் நம்மூர்க்காரர் திகைத்துப்போவார். உதயசூரியன், இலை, கை எதுவும் இல்லை. கட்சிப் பெயர் இல்லை. வேட்பாளர் பெயரே இல்லை. கட்டம் கட்டமாக எண்கள், எண்கள், எண்கள் மட்டும். நாடு முழுவதும் ஒரே தொகுதி. ஒவ்வொரு வேட்பாளருக்கும் குலுக்கலில் மூன்று இலக்க எண் ஒன்று கிடைக்கும். 2014-இல் பைனிமராமாவுக்குக் கிடைத்தது 279. ஊர் ஊராக அந்த எண்ணைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 2,00,000-க்கும் மேற்பட்டோர் அதைச் சுழித்தார்கள். ஒரு வேட்பாளருக்குப் போடும் வாக்கு அவர் கட்சிக் கணக்கிலும் சேரும். மொத்தத்தில் 5 விழுக்காடு தாண்டும் கட்சிகளுக்கு அந்த விகிதத்தில் இடம். இனக் கணக்குப் பார்த்துத் தொகுதி பிரித்த பழைய முறைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் ஊர்ச் சாலையில் பள்ளம் விழுந்தால் கேட்பதற்கு உங்கள் எம்.பி. என்று ஒருவர் கிடையாது.

இத்தனை ராணுவப் புரட்சிகள் ஏன்?

1987-இல் இரண்டு, 2000-இல் ஒன்று, 2006-இல் ஒன்று.

விடுதலை 1970 அக்டோபர் 10, ஒப்படைத்த அதே தேதியில் கிடைத்தது. அப்போது இந்தியர் எண்ணிக்கை பூர்வகுடிகளைவிடச் சற்று அதிகம். 1987 ஏப்ரலில் இந்தியர் ஆதரவு பெற்ற கூட்டணி வென்று, தீமொதி பவந்திரா பிரதமரானார். அவரும் பூர்வகுடிதான், ஆனால் நிலம் பறிபோகப் போகிறது என்ற பயத்தைக் கிளப்ப அது தடையாக இருக்கவில்லை. ஒரே மாதத்தில், மே 14 அன்று, லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரம்புக்காவின் சிப்பாய்கள் முகமூடி அணிந்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். லியோனிடாஸ் வந்த அதே மே 14. செப்டம்பரில் மறுபடியும் ஒரு புரட்சி. நாடு குடியரசாக அறிவிக்கப்பட்டது. இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் கிளம்பினார்கள். மருத்துவரும் ஆசிரியரும் கணக்கரும் போனது இன்றுவரை நிரம்பாத பள்ளம்.

1999-இல் மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். சரியாக ஓராண்டில், 2000 மே 19 அன்று, ஜார்ஜ் ஸ்பைட் என்பவர் தலைமையில் ஆயுதக் கும்பல் அவரையும் மற்ற உறுப்பினர்களையும் நாடாளுமன்றத்திலேயே சிறைபிடித்தது. 56 நாள் பிணைக்கைதிகள். குத்தகைகள் முடிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதைக் கவனியுங்கள்.

2006 வேறு சுருதி. தளபதி ஃபிராங்க் பைனிமராமா கவிழ்த்தது பூர்வகுடிச் சார்புள்ள அரசை. இன அரசியலை ஒழிப்பதாகச் சொன்னார். எட்டாண்டு தேர்தலில்லாமல் ஆண்டார், பிறகு இரண்டு தேர்தல்களில் வென்றார். 2022 டிசம்பரில் 28க்கு 27 என்று ஒரே வாக்கில் பதவி இழந்தார். அவரை வீழ்த்தி வந்தவர் யார்? அதே ரம்புக்கா, ஓர் இந்திய வம்சாவளித் தலைவரின் கட்சியோடு கூட்டணி சேர்ந்து. 2023 மே மாதம் கிர்மிட் நாள் முதன்முறையாக அரசு விடுமுறையாக்கப்பட்டது. 1987-க்காக ரம்புக்கா பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டு, ஒரு போலீஸ் விசாரணையைத் தடுத்த வழக்கில் பைனிமராமாவுக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பத்து லட்சம்கூட இல்லாத நாட்டுக்கு இவ்வளவு பெரிய ராணுவம் எதற்கு? 1978 முதல் லெபனானில் தொடங்கி ஐ.நா. அமைதிப் படைக்குச் சிப்பாய்களை அனுப்பிவருகிறது பிஜி. ஊதியம் நல்லது, பயிற்சி நல்லது. வெளியில் அமைதி காத்துவிட்டு ஊருக்கு வந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள் என்று கேலி பேசுவோர் உண்டு.

தலைவர்கள் அவை என்று ஒன்று சொல்கிறார்களே?

பெருந்தலைவர்களின் பேரவை. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. ஒரு காலத்தில் குடியரசுத் தலைவரையே அதுதான் நியமித்தது. பைனிமராமாவோடு முட்டிக்கொண்டபோது, போய் மாமரத்தடியில் நாட்டுச் சாராயம் குடியுங்கள் என்று சொல்லிவிட்டார் அவர். 2012-இல் கலைத்தே விட்டார். 2023-இல் ரம்புக்கா அரசு திரும்பக் கூட்டியது.

நாடு எதை வைத்துப் பிழைக்கிறது?

சர்க்கரை என்று சொன்ன காலம் போய்விட்டது. நூறாண்டுக்கு அருகில் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் ஆலைகளை நடத்தியது. 1973-இல் அரசு வாங்கியது. ஐரோப்பா சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவரை பிழைப்பு ஓடியது. 1990-களில் நல்ல ஆண்டென்றால் உற்பத்தி 5,00,000 டன்னைத் தொடும். இப்போது 2,00,000 டன்னைத் தாண்டாத ஆண்டுகளே வாடிக்கை. ஐரோப்பியச் சலுகை போனது, குத்தகை முடிந்தது, பிள்ளைகள் ஆக்லாந்துக்குப் போனார்கள். ராக்கிராக்கியில் இருந்த ஆலை 2016 புயலில் சிதைந்தபின் திறக்கவே இல்லை. அறுவடைக் காலத்தில் குறுகிய தண்டவாளத்தில் கரும்பேற்றிய குட்டி ரயில்கள் இன்னும் சாலையைக் குறுக்கிட்டுப் போகின்றன. பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பயணிகள்தான் இப்போதைய முதலாளி. 2019-இல் வந்தவர்கள் 8,94,389 பேர், அதாவது நாட்டு மக்கள்தொகைக்கு ஈடு. 2020 மார்ச்சில் எல்லையை மூடியதும் அந்த ஆண்டுப் பொருளாதாரம் 17 விழுக்காடு சுருங்கியது. 2021 டிசம்பர் 1 அன்று கதவு திறக்கும்வரை விடுதி ஊழியர்கள் கிராமத்துக்குத் திரும்பி மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் நட்டுப் பிழைத்தார்கள். குலநிலம் இருந்தவர்களுக்கு அது முடிந்தது.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம். 2022 முதல் ஆண்டுக்கு 100 கோடி பிஜி டாலரைத் தாண்டுகிறது. இப்போது இந்தியரோடு இதவுக்கெய் இளைஞர்களும் ஆஸ்திரேலியப் பழத்தோட்டங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போகிறார்கள்.

அப்புறம் தண்ணீர். வித்தி லெவுவின் யங்காராவில் நிலத்தடியிலிருந்து எடுத்துப் புட்டியில் அடைத்து அமெரிக்காவில் விற்கிறார்கள். 2010-இல் அரசு லிட்டருக்கு ஒரு காசுக்கும் குறைவாக இருந்த வரியை 15 காசாக உயர்த்தியதும் நிறுவனம் ஆலையை மூடியது. இரண்டு நாள்கூட ஆகவில்லை, வரியை ஒப்புக்கொண்டு திறந்துவிட்டது.

ஏழு டாலர் நோட்டு உண்மையா, கேலியா?

உண்மை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி இறுதியாட்டத்தில் பிரிட்டனை 43–7 என்று புரட்டி எடுத்தது பிஜி. நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம். பழைய எஜமானை அடித்த சுவை வேறு. மறு ஆண்டு மத்திய வங்கி ஏழு டாலர் நோட்டு அச்சிட்டது. அது செல்லுபடியாகும் பணம். கொடியின் மூலையில் உள்ள பிரிட்டிஷ் சின்னத்தை நீக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த அரசு, அந்தக் கொடியைப் பிடித்து மக்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, திட்டத்தையே கைவிட்டது.

யங்கோனா என்பது போதைப் பானமா?

சாராயம் அன்று, கிறுகிறுப்பும் இல்லை. மிளகுக் குடும்பத்துச் செடியின் வேர். காயவைத்து இடித்த தூளைத் துணியில் கட்டி, ‘தானோவா’ என்ற கால் வைத்த மரப்பாத்திரத்துத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பிழிவார்கள். பார்க்க வண்டல் கலந்த ஆற்றுநீர். சுவையும் கிட்டத்தட்ட அதுதான். பாதித் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு நீட்டுவார்கள். ஒருமுறை கையைக் குவித்துத் தட்டி, ‘ம்புலா’ சொல்லி, நிறுத்தாமல் குடித்துவிட வேண்டும். வெறும் சிரட்டையைத் திருப்பிக் கொடுத்ததும் மூன்று தட்டு. உதடு மரத்துப்போகும், நாக்கு தடிக்கும், பிறகு ஒரு சாந்தம். அவசரம் என்ற சொல்லே மறந்துபோகும்.

கிராமத்துக்குப் போகிறவர் அரைக் கிலோ வேரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்த் தலைவர் முன் வைப்பது ‘செவுசெவு’. அது வெற்றிலை பாக்கு மாதிரி. வைத்தபின்தான் நீங்கள் விருந்தாளி. தொப்பியைக் கழற்றிவிடுங்கள், தலை புனிதம், அங்கே தொப்பி தலைவருக்கு மட்டும். இந்தியர் வீடுகளிலும் மாலையானால் இதே பாத்திரம் நடுவில் வந்துவிடும். அவர்கள் வாயில் அது ‘நங்கோனா’. நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளாதவர்கள் பங்கிட்டுக்கொண்ட ஒன்று.

தீமிதி அங்கே இருப்பது உண்மையா?

ஒன்றுக்கு இரண்டு. சுவாவின் மாரியம்மன் கோயிலில் விரதமிருந்து மஞ்சளுடுத்தித் தணலில் நடப்பவர்கள் தெற்கத்தி வம்சத்தினர். தெற்கே மெங்கா தீவின் சவாவ் குலத்தாருக்கும் தங்கள் தீமிதி உண்டு; அவர்கள் மிதிப்பது மணிக்கணக்கில் காய்ந்த கருங்கற்களை. ஆற்றில் பிடிபட்ட விலாங்கு வடிவ ஆவி ஒன்று, உயிர்ப்பிச்சைக்கு ஈடாகத் தீயை வெல்லும் வரம் தந்தது என்பது அவர்கள் கதை. அவர்களும் விரதம் இருப்பார்கள்: பெண் தொடர்பு கூடாது, தேங்காய் கூடாது. ஒன்றையொன்று அறியாமல் பிறந்த இரண்டு சடங்குகள் படகுத் தொலைவில் வந்து சேர்ந்திருக்கின்றன.

தமிழர்கள் இன்னும் தமிழ் பேசுகிறார்களா?

வீட்டில் அனேகமாக இல்லை. அவதியும் போஜ்புரியும் கலந்து தோட்டத்து லயங்களில் உருவான பிஜி இந்தியே எல்லா இந்தியருக்கும் பேச்சுமொழி. 1926-இல் சாது குப்புசாமி நாந்தியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தமிழைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. பள்ளிகள், லம்பாசாவில் ஒரு செவிலியர் கல்லூரி என்று வளர்ந்தது. அந்தப் பள்ளிகளில் இதவுக்கெய் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாந்தியின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் 1994-இல் புதிதாக எழும்பியது. தேவாரம் கேட்கும், விளக்கம் இந்தியில் நடக்கும். கவுண்டர், நாயுடு, பிள்ளை, முதலியார் என்பவை அங்கே குடும்பப் பெயர்களாக மட்டும் மிச்சம். தாத்தா எந்தக் கிராமம் என்று தெரியாதவர்கள், குலதெய்வத்தின் பெயரை மட்டும் விடாமல் வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

கடல் மட்டம் உயர்ந்து பிஜி மூழ்கிவிடுமா?

மூழ்காது, பெரிய தீவுகளில் மலை உண்டு. அடி வாங்குவது கரையோரக் கிராமங்கள். 2016 பிப்ரவரி 20 அன்று தாக்கிய வின்ஸ்டன் புயல் 44 உயிர்களைக் கொண்டுபோனது. வனுவா லெவுவில் வுனிந்தொங்கொலோவா கிராமம் 2014-இல் மொத்தமாக மேட்டுக்கு இடம் மாறியது. புது ஊருக்கு விவிலியத்தின் கானானை நினைத்துக் ‘கெனானி’ என்று பேரிட்டார்கள். இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, மேடும் அவர்கள் குலநிலமே.

அதே ஆண்டு, உண்மையிலேயே மூழ்கும் அபாயத்தில் உள்ள கிரிபாத்தி நாடு, அதே வனுவா லெவுவில் 20 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தை விலைக்கு வாங்கியது. விற்க முடியாத மண்ணில் இது எப்படிச் சாத்தியமானது? இங்கிலாந்துத் திருச்சபையின் கையில் இருந்த தனியார் பட்டா நிலம் அது. வாங்கிய நிலத்துக்குள் ஓர் ஊர் ஏற்கெனவே இருந்தது. தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சாலமன் தீவினரின் பேரப்பிள்ளைகள் அங்கே சேப்பங்கிழங்கு நட்டுக் குடியிருந்தார்கள்.